வங்குறோத்து நிலைக்குப் பின் காப்புறுதி: கேள்வியை அறிவோம், உரிமையை அறிவோம்

கடன் சுமையினால் வங்குறோத்து நிலையை அடைந்து அதிலிருந்து மீண்டவர்கள், வீட்டுக்கோ வாகனத்துக்கோ தொழிலுக்கோ காப்புறுதி பெற முயலும்போது எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவுஸ்திரேலியச் சட்டம் அவர்களுக்கு விதிக்கும் கடமை எது, வழங்கும் உரிமை எது, மறுக்கப்பட்டால் எங்கே செல்வது என்பன இதன் பொருளாகும். இலங்கைத் தமிழர் ‘வங்குறோத்து’ என்பதையும் ‘காப்புறுதி’ என்பதையும் தமிழகத்தார் முறையே ‘திவால்’ என்றும் ‘காப்பீடு’ என்றும் வழங்குவர். இங்கே முன்னைய சொற்களே கையாளப்படுகின்றன.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் ஆங்கிலக் கடிதம் ஒன்றை மொழிபெயர்த்துத் தருமாறு என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய இசைவுடன், அடையாளம் புலப்படாதவாறு அந்நிகழ்வை இங்கே குறிப்பிடுகிறேன்.

அவருடைய கணவர் நடத்திய சிறிய பலசரக்குக் கடை நட்டமடைந்து மூடப்பட்டது. கணவர் 2013ஆம் ஆண்டில் வங்குறோத்து நிலையை அடைந்து, 2016இல் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2022இல் இருவரும் தொலைபேசி வழியாக வீட்டுக் காப்புறுதி எடுத்தனர். அடுத்த ஆண்டு சமையலறைச் சுவருக்குள் நீர்க்குழாய் வெடித்து, தரையும் அலுமாரிகளும் பாழாயின. திருத்தச் செலவு ஏறத்தாழ 18,000 டொலர். காப்புறுதி நிறுவனத்தின் கடிதமோ, “நீங்கள் முன்னர் வங்குறோத்து நிலையை அடைந்ததைத் தெரிவிக்கவில்லை, ஆகவே உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது” என்றது.

கடிதத்தை வாசித்துச் சொன்னதும் அவர் என்னை நோக்கி, “தம்பி, நாங்கள் பொய் சொல்லேல்லை. அஞ்சு வருசத்திலை எல்லாம் அழிஞ்சு போகும் எண்டுதானே எல்லாரும் சொன்னவை” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது உண்மை. எனினும் அவர் நம்பிய செய்தி பாதியளவே உண்மையானது. அந்தப் பாதி உண்மை எது, எஞ்சிய பாதி எது என்பதை அறிவதே இப்பாடத்தின் முதற்படி.

வங்குறோத்து நிலையும் கால எல்லைகளும்

அவுஸ்திரேலியாவில் தனிநபர் வங்குறோத்து நிலையை 1966ஆம் ஆண்டின் வங்குறோத்துச் சட்டம் ஆள்கிறது. அதனை நிருவகிக்கும் அரச நிறுவனம் அவுஸ்திரேலிய நிதிப் பாதுகாப்பு அதிகார சபை; சுருக்கமாக அஃப்சா. ஒருவரின் வங்குறோத்து நிலை பொதுவாக 3 ஆண்டுகளும் 1 நாளும் நீடிக்கும். பொறுப்பாளர் ஆட்சேபம் தெரிவித்தால் அது 5 அல்லது 8 ஆண்டுகள் வரை நீளக்கூடும். காலம் முடிந்ததும் அவர் ‘விடுவிக்கப்பட்டவர்’ ஆகிறார்.

இதன் பின்னர் இரண்டு பதிவுகள் எஞ்சுகின்றன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

முதலாவது, கடன் அறிக்கை. வங்குறோத்து நிலை தொடங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகள், அல்லது அது முடிவுற்ற நாளிலிருந்து 2 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை அந்தக் குறிப்பு கடன் அறிக்கையில் இருக்கும். பின்னர் நீக்கப்படும். நம்மவர்கள் “அழிந்து போகும்” என்று சொல்வது இந்த அறிக்கையைப் பற்றித்தான்.

இரண்டாவது, அஃப்சா பேணும் தேசிய தனிநபர் கடன்முறிவுச் சுட்டி. இது பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கத்தக்க பதிவேடு. இதில் வங்குறோத்து நிலை பற்றிய பதிவு நிரந்தரமானது. விடுவிக்கப்பட்ட திகதியும் அதில் குறிக்கப்படும். ஆனால் பெயர் நீக்கப்படுவதில்லை.

வீட்டு, வாகனக் காப்புறுதி நிறுவனங்கள் உங்கள் கடன் அறிக்கையைப் பார்ப்பதற்குத் தனியுரிமைச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆனால் நிரந்தரச் சுட்டியை எவரும் தேடலாம். அத்தேடலும் பெரும்பாலும் பாரிய கோரிக்கை ஒன்று வந்த பின்னரே நிகழ்கிறது. ஆண்டுதோறும் பணம் பெற்றுக்கொண்ட நிறுவனம், வீடு எரிந்த பின்னரே பழைய பதிவைக் கண்டுபிடிக்கிறது என்ற மனக்குறை இதனால்தான் எழுகிறது.

ஏன் இந்தக் கேள்வி?

“கடனைக் கட்ட முடியாமற் போனதற்கும் என் வீட்டில் தீப்பிடிப்பதற்கும் என்ன தொடர்பு?” என்று கேட்பது நியாயமே. பணநெருக்கடியில் உள்ளவர்கள் மிகையான கோரிக்கைகளை முன்வைக்கக்கூடும், வீட்டையும் வாகனத்தையும் உரிய முறையிற் பராமரிக்க இயலாதிருக்கக்கூடும் என்பது காப்புறுதித் துறையின் கணிப்பு. கடை நட்டமடைந்தோ, நோய்வாய்ப்பட்டோ, மணவாழ்வு முறிந்தோ கடனில் வீழ்ந்த நேர்மையான ஒருவருக்கு இக்கணிப்பு அநீதியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

எனினும், சட்டத்தின் நிலை இதுதான். இனம், பால், உடற்குறைபாடு, வயது ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கக் கூட்டாட்சிச் சட்டங்கள் உள்ளன. முன்னர் வங்குறோத்து நிலையை அடைந்திருத்தல் அச்சட்டங்களாற் பாதுகாக்கப்பட்ட காரணங்களுள் ஒன்றன்று. ஆகவே, அதனைக் காரணமாகக் கொண்டு ஒரு நிறுவனம் கூடுதற் பணம் கேட்பதோ, காப்புறுதி தர மறுப்பதோ தன்னளவிற் சட்டவிரோதமாகாது. இது கசப்பான செய்தியே. ஆயினும், எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலைக் கையாள்வதில்லை. சில நிறுவனங்கள் இக்கேள்வியைக் கேட்பதே இல்லை. சில, கடந்த சில ஆண்டுகளைப் பற்றி மட்டும் கேட்கின்றன. வேறு சில, “எப்போதாவது” என்று கேட்கின்றன. ஓரிடத்தில் மூடப்பட்ட கதவு இன்னோரிடத்தில் திறந்திருக்கக்கூடும்.

உங்கள் கடமை: கேட்ட கேள்விக்கு உண்மையான விடை

காப்புறுதிச் சட்டத்தில், பெறுபவர் தமக்குத் தெரிந்த முக்கியமான விடயங்களைத் தாமாகவே வெளிப்படுத்த வேண்டும் என்ற கோட்பாடு மிகப் பழையது. 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்ட் பிரபு வழங்கிய ஒரு தீர்ப்பிலிருந்து அது வேர்கொண்டது. ஆனால், எது முக்கியம் என்பதைக் காப்புறுதித் துறை அறியாத குடும்பத் தலைவியோ வாகன ஓட்டுநரோ எவ்வாறு அறிவார்? 2019இல் அறிக்கை சமர்ப்பித்த ஹெய்ன் அரச ஆணைக்குழு, நுகர்வோர் காப்புறுதியில் இக்கடமையை மாற்றியமைக்குமாறு பரிந்துரைத்தது. அதன்படி 1984ஆம் ஆண்டின் காப்புறுதி ஒப்பந்தங்கள் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஒக்டோபர் 5 முதல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது.

தனிப்பட்ட, குடும்ப, வீட்டுத் தேவைகளுக்கான காப்புறுதியைப் பொறுத்தவரை, இப்போது உங்கள் கடமை, தவறான கூற்று எதனையும் முன்வைக்காதிருப்பதற்கு நியாயமான கவனம் எடுத்தல் ஆகும். எளிமையாகச் சொன்னால், கேட்கப்பட்ட கேள்விக்குக் கவனத்துடனும் உண்மையுடனும் விடையளிக்க வேண்டும். கேட்கப்படாததை ஊகித்துச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

நீங்கள் நியாயமான கவனம் எடுத்தீர்களா என்பதை அளக்கும்போது, கேள்வி எவ்வளவு தெளிவாகவும் குறிப்பாகவும் இருந்தது, அதன் முக்கியத்துவத்தை நிறுவனம் எவ்வளவு தெளிவாக உணர்த்தியது, எத்தகைய மக்களுக்காக அந்தக் காப்புறுதி விற்கப்பட்டது என்பன கருத்திற் கொள்ளப்படும். நிறுவனம் அறிந்திருந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய, உங்கள் தனிப்பட்ட சூழ்நிலைகளும் கருத்திற் கொள்ளப்பட வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசாதவருக்கு இது முக்கியமான பாதுகாப்பு. ஆகவே, தொலைபேசியில் உரையாடும்போது ஆங்கிலம் விளங்கவில்லையெனில் அதனை வெளிப்படையாகச் சொல்லி, உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவ்வாறு கேட்டமை உரையாடற் பதிவிலும் இடம்பெறும்.

கேள்வியின் காலத்தையும் சொல்லையும் நோக்குக

ஒரே பொருளைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினும், பின்வருவன வெவ்வேறு விடைகளை வேண்டுவன.

“நீங்கள் தற்போது வங்குறோத்து நிலையில் உள்ளீர்களா?” விடுவிக்கப்பட்டவரின் உண்மையான விடை ‘இல்லை’.

“கடந்த 5 ஆண்டுகளில் வங்குறோத்து நிலையில் இருந்தீர்களா?” இங்கே தொடங்கிய திகதி மட்டுமன்றி முடிந்த திகதியும் முக்கியம். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் முடிந்திருந்தால், அந்த ஐந்தாண்டுக்குள் நீங்கள் அந்நிலையில் இருந்திருக்கிறீர்கள். விடை ‘ஆம்’. ஆனால் “கடந்த 5 ஆண்டுகளுக்குள் வங்குறோத்து நிலைக்குட்பட்டவராக அறிவிக்கப்பட்டீர்களா?” எனக் கேட்டிருந்தால், அறிவிக்கப்பட்ட திகதியே கணக்கு.

“எப்போதாவது வங்குறோத்து நிலையை அடைந்துள்ளீர்களா?” இருபது ஆண்டுகள் கடந்திருப்பினும் விடை ‘ஆம்’. கடன் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டமை இவ்விடையை மாற்றாது. மேற்கூறிய அம்மையாரின் குடும்பம் இடறியது இங்கேதான்.

“நீங்களோ, காப்புறுதி செய்யப்படும் வேறெவருமோ...” என்று தொடங்கும் கேள்வி கணவன், மனைவி, சேர்த்துக்கொள்ளப்படும் ஏனையோர் அனைவரையும் தழுவும். கணவரின் வங்குறோத்து நிலையை மறைக்கும் நோக்குடன் மனைவியின் பெயரில் மாத்திரம் காப்புறுதி எடுத்து, “உங்கள் வீட்டில் வசிப்பவர்” பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்பது பெரும் தவறாகும்.

கடன் ஒப்பந்தம் என்பது வங்குறோத்து நிலை அன்று. இரண்டும் ஒரே சட்டத்தின்கீழ் வருவன எனினும் வெவ்வேறான ஏற்பாடுகள். படிவம் வங்குறோத்து நிலையைப் பற்றி மட்டும் கேட்டால், கடன் ஒப்பந்தம் மட்டுமே செய்துகொண்டவர் ‘இல்லை’ எனலாம். “வங்குறோத்து அல்லது கடன் ஒப்பந்தம்” எனக் கேட்டால் ‘ஆம்’ என்பதே விடை. ஐயம் எழுமிடத்து, “இந்தக் கேள்வி இதனையும் உள்ளடக்குமா?” என்று நிறுவனத்திடமே எழுத்திற் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு கேள்விக்கு விடையளிக்காமல் விட்டமை மட்டும் தவறான கூற்றாகக் கொள்ளப்படாது எனச் சட்டம் கூறுகிறது. ஆயினும் அதனை நம்பி வெற்றிடம் விடுவது விவேகமன்று. புதுப்பித்தற் காலத்தில், “முன்னர் அளித்த விவரங்களில் மாற்றம் உண்டா?” என்று அறிவித்தல் கேட்குமாயின், அதற்கும் மறவாது பதிலளியுங்கள்.

தவறான விடைக்கு விளைவு என்ன?

கோரிக்கையை நிராகரிக்கும் கடிதம் வந்ததும் பலர் மனமுடைந்து அதனை மடித்து வைத்துவிடுகின்றனர். ஆனால் தவறான விடை ஒன்று இருந்தது என்பதனால் மட்டுமே நிறுவனத்தின் பொறுப்பு முற்றாக அற்றுப்போவதில்லை. வீடு, வாகனம் முதலிய பொதுக் காப்புறுதிக்கு, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஓர் ஒழுங்கை வகுத்துள்ளது.

உண்மை தெரிந்திருந்தாலும் அதே நிபந்தனையிலும் அதே கட்டணத்திலும் நிறுவனம் காப்புறுதி அளித்திருக்குமாயின், அதற்கு எவ்விதப் பரிகாரமும் இல்லை. முழுத் தொகையையும் செலுத்த வேண்டும்.

உண்மை தெரிந்திருந்தால் கூடுதற் கட்டணம் அறவிட்டிருக்கும் எனில், நிறுவனத்தின் பொறுப்பு அதற்கேற்பவே குறையும். எடுத்துக்காட்டாக, 900 டொலருக்கு அளித்த காப்புறுதியை 1,200 டொலருக்கு அளித்திருக்கும் எனில், இழப்பீட்டிலிருந்து 300 டொலரைக் கழிக்கலாம். ‘எக்செஸ்’ எனப்படும், கோரிக்கையின்போது நீங்கள் ஏற்கவேண்டிய தொகை, 500 அன்றி 1,000 டொலராக இருந்திருக்கும் எனில், மேலும் 500 டொலரைக் கழிக்கலாம். அவ்வளவே.

உண்மை தெரிந்திருந்தால் காப்புறுதியே அளித்திராது என்று காட்டினால், பொறுப்பு சுழியம் வரை குறையக்கூடும். அதனை வெறுமனே கூறினாற் போதாது. தன் ஏற்பு விதிமுறைகளைக் கொண்டு நிறுவனமே அதனை நிறுவ வேண்டும்.

மோசடி நோக்குடன் கூறப்பட்ட பொய்யாயின், ஒப்பந்தத்தையே தொடக்கத்திலிருந்து செல்லாததாக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அறியாமையினால் நேர்ந்த பிழையும் மோசடியும் ஒன்றல்ல. மோசடி என்ற சொல் உங்கள் கடிதத்தில் இடம்பெற்றிருப்பின் தாமதியாது சட்ட உதவியை நாடுங்கள்.

தொழிற் காப்புறுதி வேறு

துப்புரவுத் தொழில், உணவுக்கடை, வாடகைக்கார் முதலிய தொழில்களுக்கான காப்புறுதிக்கு மேற்கூறிய 2021ஆம் ஆண்டு மாற்றம் பொருந்தாது. அங்கே பழைய ‘வெளிப்படுத்தும் கடமை’ இன்றும் நிலவுகிறது. கேள்வி கேட்கப்படாவிடினும், நிறுவனத்தின் முடிவுக்குத் தொடர்புடையது என்று உங்களுக்குத் தெரிந்ததையும், உங்கள் நிலையிலுள்ள நியாயமான ஒருவர் அறிந்திருக்கக்கூடியதையும் நீங்களே வெளிப்படுத்த வேண்டும். முன்னைய வங்குறோத்து நிலை அத்தகையதென்றே கொள்வது பாதுகாப்பானது. கலைக்கப்பட்ட நிறுவனம் ஒன்றில் பணிப்பாளராக இருந்தவர்களும் படிவத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும். வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே வாகனத்தைப் பயன்படுத்துவோர், தம்முடையது எவ்வகைக் காப்புறுதி என்பதை முதலிற் கேட்டறிதல் நன்று.

காப்புறுதி தேடும் ஒழுங்கு

முதலாவதாக, தற்போதுள்ள காப்புறுதியைக் கைவிடாதீர்கள். புதியது உறுதியான பின்னரே பழையதை நிறுத்த வேண்டும். புதுப்பித்தல் பற்றிய அறிவித்தலைக் காலாவதிக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் நிறுவனம் அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த 14 நாட்களும் மாற்றிடம் தேடுவதற்கான உங்கள் கால அவகாசம்.

இரண்டாவதாக, திகதிகளைத் திரட்டி வையுங்கள். வங்குறோத்து நிலை தொடங்கிய திகதி, விடுவிக்கப்பட்ட திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அஃப்சாவிலிருந்து கிடைத்த ஆவணத்துடன் சேர்த்து வைத்தால், தொலைபேசியில் தடுமாற நேராது.

மூன்றாவதாக, பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். “எந்த நிறுவனமாவது உங்களுக்குக் காப்புறுதி அளிக்க மறுத்ததா, இரத்துச் செய்ததா, சிறப்பு நிபந்தனை விதித்ததா?” என்பதும் பல படிவங்களிற் காணப்படும் கேள்வி. ஒரு மறுப்பு, அடுத்த விண்ணப்பத்தில் நீங்கள் அறிவிக்கவேண்டிய இன்னொரு சுமையாகிறது. ஆகவே, விண்ணப்பிக்கும் முன்னர் பெயர் கூறாது தொலைபேசியில், “இத்தனை ஆண்டுகளுக்கு முன்னர் விடுவிக்கப்பட்டவருக்கு நீங்கள் காப்புறுதி அளிப்பதுண்டா?” என்று கேளுங்கள். இது விண்ணப்பமன்று, விசாரணை மட்டுமே.

நான்காவதாக, தரகரை அணுகுங்கள். எந்த நிறுவனம் எத்தகையோரை ஏற்கிறது என்பதை அறிந்திருப்பது தரகரின் தொழில். தேசிய காப்புறுதித் தரகர் சங்கம் உங்கள் பகுதியிலுள்ள தரகரைக் கண்டறிய உதவும். அவுஸ்திரேலியக் காப்புறுதிப் பேரவையின் ‘ஃபைண்ட் ஆன் இன்சுரர்’ சேவை, காப்புறுதி அளிக்கும் நிறுவனங்களின் பட்டியலைத் தருகிறது. தரகரின் கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

ஐந்தாவதாக, முழுக் காப்புறுதி கிடைக்காவிடின் எதுவுமின்றி இருந்துவிடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாகனப் பதிவுக்குக் கட்டாயமான ‘கிரீன் ஸ்லிப்’ உடற்காயங்களுக்கு மட்டுமே உரியது. பிறருடைய வாகனத்துக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்தை அது ஈடுசெய்யாது. விலையுயர்ந்த வாகனம் ஒன்றில் மோதினால், மீண்டும் கடனில் வீழ அந்த ஒரு விபத்தே போதும். மூன்றாம் தரப்பு உடைமைச் சேதக் காப்புறுதி, முழுக் காப்புறுதியைவிட மலிவானது. உங்கள் வாகனத்தைக் காக்காவிடினும் உங்களைக் கடனிலிருந்து காக்கும்.

ஆறாவதாக, ஓய்வூதிய நிதியான ‘சுப்பர்’ கணக்கைப் பாருங்கள். பல கணக்குகளில் ஆயுட் காப்புறுதியும் நிரந்தர இயலாமைக் காப்புறுதியும் தனிப்பட்ட கேள்விகள் எவையுமின்றியே இணைந்திருக்கின்றன. தொடர்ந்து 16 மாதங்கள் கணக்கிற் பணம் சேராவிடின், நீங்கள் எழுத்தில் வேண்டிக்கொண்டாலன்றி அக்காப்புறுதி நிறுத்தப்படும். கணக்குகளை ஒன்றிணைக்குமுன் எந்தக் காப்புறுதியை இழக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னமும் வங்குறோத்து நிலையில் உள்ளவர்கள், காப்புறுதி இழப்பீடாகப் பணம் கிடைக்குமாயின் அதனைச் செலவிடுமுன் தம் பொறுப்பாளருக்கு அறிவிக்க வேண்டும்.

மறுக்கப்பட்டால்

காப்புறுதி தர மறுத்தாலோ, இரத்துச் செய்தாலோ, புதுப்பிக்க மறுத்தாலோ, உங்களுக்குரிய சிறப்பு ஆபத்தைக் காட்டிப் பாதகமான நிபந்தனைகளை விதித்தாலோ, எழுத்தில் வேண்டினால் நிறுவனம் எழுத்திற் காரணம் கூற வேண்டும். இது சட்டத்தின் 75ஆம் பிரிவு தரும் உரிமை. உங்கள் வேண்டுகோள் நீண்டதாக இருக்கவேண்டியதில்லை. விண்ணப்பித்த திகதி, மறுத்த திகதி, “காப்புறுதி ஒப்பந்தங்கள் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் எழுத்திற் காரணம் தருக, உங்கள் முடிவுக்கு ஆதாரமான தகவல்களின் பிரதியையும் தருக” என்ற வாசகம், பெயர், கையொப்பம் ஆகியவை போதும்.

பொதுக் காப்புறுதி நடைமுறைக் கோவையை ஏற்ற நிறுவனங்கள், காப்புறுதி தர இயலாதபோது காரணத்தைக் கூறுவதுடன், மாற்று வழிகளை அறிவதற்குப் பேரவையிடமோ தரகர் சங்கத்திடமோ உங்களை வழிப்படுத்தவும், முறைப்பாட்டு வழியைத் தெரிவிக்கவும் கடமைப்பட்டவை.

காரணம் பிழையான தகவலை அடிப்படையாகக் கொண்டிருப்பின், அதாவது வேறொருவருடைய பதிவு உங்களுடையதாகக் கொள்ளப்பட்டிருந்தாலோ, கடன் ஒப்பந்தத்தை வங்குறோத்து எனக் கருதியிருந்தாலோ, நிறுவனத்திடம் முறைப்பாடு செய்யுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். தீர்வு கிடைக்காவிடின் அவுஸ்திரேலிய நிதி முறைப்பாடுகள் அதிகார சபையான அஃப்காவுக்குச் செல்லலாம். இச்சேவை நுகர்வோருக்கு இலவசம். நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அஃப்காவின் தீர்மானத்தை நீங்கள் ஏற்றால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிடின் உங்களைக் கட்டுப்படுத்தாது.

ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்க. கோரிக்கையை நிராகரித்தமை பற்றிய முறைப்பாட்டை அஃப்கா முழுமையாக ஆராயும். புதிதாகக் காப்புறுதி தர மறுத்தமை பற்றியதாயின், மறுப்பு கண்மூடித்தனமாகவோ, தீய நோக்குடனோ, பிழையான தகவலின் பேரிலோ நிகழ்ந்தது என்று கூறப்படும்போதே பொதுவாகத் தலையிடும்.

அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது

அம்மையாரின் குடும்பம் நிராகரிப்புக்கான விரிவான காரணத்தையும் தொலைபேசி உரையாடற் பதிவையும் எழுத்திற் கேட்டது. பதிவில் முகவர் கேட்ட கேள்வி, “நீங்கள் இருவரும் வங்குறோத்து நிலையில் இருக்கிறீர்களா?” என்று நிகழ்காலத்தில் அமைந்திருந்தது. ‘இல்லை’ என்று அவர்கள் கூறியது அந்நேரத்தில் உண்மையே. ஆனால், பின்னர் தபாலில் வந்த ஆங்கில ஆவணத்தில், “எப்போதாவது வங்குறோத்து நிலை: இல்லை, பிழை இருப்பின் அறிவிக்கவும்” என அச்சிடப்பட்டிருந்தது. அதனை வீட்டில் எவரும் வாசித்திருக்கவில்லை. இரு தரப்பிலும் குறை இருந்தது.

உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்ற கேள்விக்கு, அதன் விதிமுறைகளே விடையளித்தன. விடுவிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் கடந்தவர்களை அது கூடுதற் கட்டணத்துடன் ஏற்று வந்துள்ளது. ஆகவே, முறைப்பாட்டின் முடிவில், கூடுதற் கட்டண வேறுபாட்டையும் எக்செஸ் தொகையையும் மட்டும் கழித்து, எஞ்சிய தொகையைச் செலுத்த நிறுவனம் இணங்கியது. முதற்கடிதம் சுழியம் என்றது. இரண்டாம் கடிதம் பெரும்பகுதியைத் தந்தது. இடையில் நிகழ்ந்தது ஒரு பக்க வேண்டுகோள் மட்டுமே.

உதவி பெறுமிடங்கள்

கடன் நெருக்கடி பற்றிய இலவச ஆலோசனைக்குத் தேசிய கடன் உதவி இணைப்பு: 1800 007 007. காப்புறுதிப் பிணக்குகளில் இலவசச் சட்ட ஆலோசனைக்குக் காப்புறுதிச் சட்டச் சேவை: 1300 663 464. அஃப்கா: 1800 931 678. ஆங்கிலத்தில் உரையாடத் தயங்குவோர் 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, “தமிழ்” எனக் கூறி, தாம் தொடர்புகொள்ள விரும்பும் நிறுவனத்தின் பெயரைத் தெரிவிக்கலாம். பிள்ளைகளையோ அயலவரையோ உரைபெயர்க்கச் செய்வதிலும் தகுதிபெற்ற ஒருவரைப் பயன்படுத்துவது சிறந்தது. பணச் சங்கடங்களைப் பிள்ளைகள் முன்னிலையில் விவரிக்கக் கூசி, பலர் உண்மையின் ஒரு பகுதியை மறைத்துவிடுகின்றனர். பின்னர் அந்த மறைப்பே வினையாகிறது.

நிறைவாக ஒன்று. நம் சமூகத்தில் வங்குறோத்து என்ற சொல் மானக்கேடாகவே கருதப்படுகிறது. உறவினருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கடிதங்களைத் திறவாமலே வைத்திருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். சட்டத்தின் கண்ணில் அது குற்றமன்று. மீள்வதற்காக அமைக்கப்பட்ட வழி. கேட்ட கேள்விக்குத் தயங்காது உண்மை கூறுங்கள். கிடைத்த விடை நியாயமற்றதாயின், எழுத்திற் காரணம் கேளுங்கள். ஆங்கிலத்தில் வரும் காப்புறுதி ஆவணத்தை, விபத்து நேருமுன்னரே ஒருவரைக் கொண்டு வாசித்தறியுங்கள்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. உங்கள் தனிப்பட்ட நிலைமைக்கு மேற்குறித்த சட்ட ஆலோசனைச் சேவைகளை நாடுக.